12-வது மக்களவையும் சேலத்தின் ஒற்றை உறுப்பினரும்

தம்பி, நீங்கள் கேட்டதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 1998-ல் அமைந்த 12-வது மக்களவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை பேர் என்பது ஒன்று. ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது எப்படி என்பது இரண்டு. "அப்போ சேலத்துக்காரங்க ரெண்டு பேரு டெல்லியில மந்திரி" என்று உங்கள் தாத்தா சொல்கிறாரே, பட்டியலில் சேலத்துக்கு ஒரே ஒரு எம்.பி. தானே இருக்கிறார் என்பது மூன்று. ஏற்காட்டில் இருந்துகொண்டு குரூப் தேர்வுக்குப் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக்கு எண்கள் தெரிந்தால் போதும். அந்த அவையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், யார் யாரை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 543, ஆங்கிலோ இந்தியர்களுக்கான நியமன உறுப்பினர்கள் 2, ஆக மொத்தம் 545. அந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு போய்விட்டன. பா.ஜ.க. 182, காங்கிரஸ் 141. அதற்கடுத்து மார்க்சிஸ்ட் 32, சமாஜ்வாதி 20, அ.தி.மு.க. 18, லாலுவின் ராஷ்ட்ரிய ஜனதா தளம் 17, தெலுங்கு தேசம் 12, சமதா 12, இந்திய கம்யூனிஸ்ட் 9, பிஜு ஜனதா தளம் 9, அகாலி தளம் 8, மம்தாவின் திரிணாமுல் 7. தலா 6 பேரோடு தி.மு.க.வும் சிவசேனாவும் ஜனதா தளமும். பகுஜன் சமாஜ் 5, பா.ம.க. 4, ம.தி.மு.க. 3, மூப்பனாரின் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) 3. அதற்குக் கீழே ஒருவர், இருவர் என்று நீண்ட வால். சபாநாயகர் தெலுங்கு தேசத்தின் ஜி.எம்.சி.பாலயோகி. எதிர்க்கட்சித் தலைவர் சரத் பவார். 1998 மார்ச் 10-ல் அமைந்த அவை 1999 ஏப்ரல் 26-ல் கலைக்கப்பட்டது.

இந்தப் பட்டியலில் என்னை எப்போதும் நிறுத்துவது ஜனதா குடும்பம்தான். 1989-ல் வி.பி.சிங்கின் ஜனதா தளம் ஒரே கட்சியாக 143 இடம் பிடித்தது. ஒன்பதே வருடத்தில் அதன் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஜனதா தளம் 6, சமதா 12, ராஷ்ட்ரிய ஜனதா தளம் 17, பிஜு ஜனதா தளம் 9, கர்நாடகத்தின் லோக் சக்தி 3, சமாஜ்வாதி 20, ஹரியானாவில் சௌதாலாவின் லோக் தளம் 4. எல்லாம் சேர்த்தால் 71. அதிலும் ஒரு பகுதி அரசுப் பக்கம், மீதி எதிர்ப்பக்கம். ஒரு காலத்தில் ஒரே மேடையில் நின்றவர்கள் இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்ததால்தான் 182 பேர் கொண்ட கட்சியால் ஆட்சியைப் பிடிக்க முடிந்தது. காங்கிரசின் நிலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 85 தொகுதிகள் இருந்த அன்றைய உத்தரப் பிரதேசத்தில் அதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் பூஜ்யம்.

பெரும்பான்மைக்கு 272 பேர் வேண்டும். தேர்தலுக்கு முன்பே பா.ஜ.க.வோடு கைகோத்தவர்களை எல்லாம் கூட்டினால் 250-ஐ ஒட்டித்தான் வந்தது. இதை மூன்று அடுக்காகப் பாருங்கள். முதல் அடுக்கு, அரசை விட்டுப் போக வழியில்லாதவர்கள்: பா.ஜ.க., சிவசேனா, அகாலி, சமதா. இரண்டாவது, கூட்டணியில் ஜெயித்திருந்தாலும் தங்கள் மாநிலக் கணக்குக்காக வந்தவர்கள். அ.தி.மு.க. இதில்தான் வரும். மூன்றாவது, தேர்தலில் எதிராக நின்றுவிட்டு முடிவு வந்த பிறகு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தவர்கள். தெலுங்கு தேசத்தின் 12 பேர் அந்த வகை. அவர்கள் பங்காகக் கிடைத்ததுதான் சபாநாயகர் நாற்காலி. அந்த நாற்காலியின் மதிப்பு ஒரு வருடம் கழித்துத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. 1998 மார்ச் 28-ல் நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்பில் அரசுக்கு 274, எதிர்ப்பு 261. வித்தியாசம் 13. அ.தி.மு.க.வின் பலம் 18. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த ஒரு வருடத்தில் என்ன நடக்கக்கூடும் என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

ஆட்சி அமைவதற்கு முன்பே அதன் அறிகுறி தெரிந்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் காட்டச் சொன்னார். மற்றவர்களின் கடிதங்கள் வந்துவிட்டன, போயஸ் தோட்டத்திலிருந்து வர வேண்டியது மட்டும் சில நாள் வரவில்லை. அது வந்த பிறகுதான் வாஜ்பாய்க்கு அழைப்பு போனது. மார்ச் 19-ல் பதவியேற்பு.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். 1996-ல் நம் மாநிலத்தின் 39 இடங்களும் த.மா.கா., தி.மு.க., இந்திய கம்யூனிஸ்ட் அணிக்கே போயின. அ.தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டே வருடத்தில் அது 18 ஆனது. 1998-ல் ஜெயலலிதா அமைத்த அணி 30 இடங்களைப் பிடித்தது: அ.தி.மு.க. 18, பா.ம.க. 4, ம.தி.மு.க. 3, பா.ஜ.க. 3, தமிழக ராஜீவ் காங்கிரஸ் 1, ஜனதா கட்சி 1. எதிர்ப்பக்கம் 9: தி.மு.க. 5, த.மா.கா. 3, இந்திய கம்யூனிஸ்ட் 1. தி.மு.க.வுக்குப் புதுச்சேரியும் கிடைத்ததால் அதன் மொத்தம் 6. சில பட்டியல்களில் 5 என்றும் சிலவற்றில் 6 என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம், காரணம் இவ்வளவுதான்.

இந்த முப்பதில் தனி ஆளாக நின்ற இரண்டு பேரைக் கவனியுங்கள். மதுரையில் ஜெயித்த ஜனதா கட்சியின் சுப்பிரமணியன் சுவாமி ஒருவர். சேலத்தில் ஜெயித்த தமிழக ராஜீவ் காங்கிரஸின் வாழப்பாடி கே.ராமமூர்த்தி மற்றொருவர். மக்களவையில் இரண்டு கட்சிகளுக்கும் ஆளுக்கு ஒரே உறுப்பினர். ஒருவர் மட்டுமே இருக்கும் கட்சியில் தலைவரும் அவரே, கொறடாவும் அவரே. கட்சி மாறினால் பதவி போகும் என்ற சட்டம் அப்படிப்பட்டவரை நடைமுறையில் தொடவே முடியாது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அவர் தனியாக முடிவு செய்துகொள்ளலாம். இந்த இருவரும் ஒரே அணியில் ஜெயித்தவர்கள், கடைசியில் நேரெதிர்த் திசையில் போனார்கள். ஒருவர் அரசைக் கவிழ்க்க முன்னால் நின்றார், மற்றவர் கடைசி வரைக்கும் அமைச்சராக உடன் இருந்தார்.

வாழப்பாடியார் அப்போது பெட்ரோலியம், இயற்கை எரிவாயுத் துறையின் கேபினட் அமைச்சர். தொண்ணூறுகளில் கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த வீடுகள் சேலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. அந்தத் துறை நம் ஊர்க்காரர் கையில் என்றதும் ஊருக்குள் எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் டெல்லிக்குப் புதியவரும் அல்ல. 1977-ல் தருமபுரியிலிருந்தும், 1984, 1989, 1991 தேர்தல்களில் கிருஷ்ணகிரியிலிருந்தும் காங்கிரஸ்காரராக மக்களவைக்குப் போனவர். நரசிம்ம ராவ் அரசில் இணை அமைச்சராக இருந்தபோது காவிரிப் பிரச்சினைக்காகப் பதவியைத் தூக்கி எறிந்தார். சேலம் தொகுதியின் எம்.பி. ஆனது 1998-ல்தான்.

உங்கள் தாத்தா சொல்லும் இரண்டாவது ஆள் ரங்கராஜன் குமாரமங்கலம். அவர் 1984, 1989, 1991 என்று மூன்று முறை சேலத்தின் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தவர். 1998-ல் பா.ஜ.க. வேட்பாளராகத் திருச்சியில் நின்று ஜெயித்தார், மின்துறை அமைச்சரானார். எனவே பட்டியலில் அவர் பெயர் திருச்சிக்கு நேரே இருக்கும். தாத்தா மனதில் அவர் சேலத்துக்காரர். அதில் தவறே இல்லை. ரங்கராஜனுடைய தாத்தா டாக்டர் ப.சுப்பராயன், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அந்தப் பகுதி முழுக்க அப்போது சேலம் ஜில்லா. ரங்கராஜனின் அப்பா மோகன் குமாரமங்கலம் இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகுத் துறையைப் பார்த்தவர், 1973-ல் விமான விபத்தில் இறந்துபோனார். சேலம் உருக்காலைக்கு 1970-ல் அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு அந்தத் துறைக்கு வந்த அமைச்சர் அவர்தான். இந்தக் குடும்பத்துக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு தேர்தல் பட்டியல் காட்டாது. ஆகவே தாத்தா சொன்னது சரி, பட்டியலும் சரி.

பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த மற்ற தொகுதிகளையும் பார்த்துவிடலாம். எடப்பாடி அப்போது திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. அங்கே ஜெயித்தவர் எடப்பாடி கே.பழனிசாமி. ஆமாம், 2017-ல் முதலமைச்சர் ஆனவரேதான். அந்த 18 பேரில் அவரும் ஒருவர். தனித் தொகுதியான ராசிபுரத்தில் அ.தி.மு.க.வின் டாக்டர் வெ.சரோஜா. தருமபுரி பா.ம.க.வுக்கு. பக்கத்துக் கரூரில் ஜெயித்த தம்பிதுரை சட்ட அமைச்சர். ஆக, சேலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் எல்லாமே ஆளும் அணி.

உங்கள் ஊரைப் பற்றியும் ஒரு விஷயம். இப்போது நீங்கள் ஏற்காட்டில் ஓட்டுப் போட்டால் அது கள்ளக்குறிச்சி எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறது. 2009 தேர்தலிலிருந்துதான் அப்படி. 1998-ல் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி சேலம் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. சேர்வராயன் மலைக்காரர்களும் வாழப்பாடியாருக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓட்டுப் போட்டவர்களே. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, அது உங்களுக்கே தெரியும். மக்களவையில் அப்போது பழங்குடியினருக்கு 41 இடங்களும் பட்டியல் சாதியினருக்கு 79 இடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த 41-ல் தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை, இன்றைக்கும் இல்லை. மாநிலத்தின் பழங்குடி மக்கள்தொகை குறைவு, அதுவும் பல மலைகளில் சிதறிக் கிடக்கிறது. அதனால் கணக்குப்படி வரவில்லை என்பார்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்றாலும், சேர்வராயனிலும் கல்வராயனிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி மக்களில் ஒருவர் டெல்லியில் உட்கார வழி இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மக்களவையின் அமைப்பைப் பற்றிப் பேசும்போது யார் இருந்தார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் பேச வேண்டும்.

பெண்கள் விஷயமும் அப்படியே. 543 பேரில் 43 பேர்தான் பெண்கள். 1998 ஜூலையில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவைத் தாக்கல் செய்ய தம்பிதுரை எழுந்தபோது, அவை நடுவிலேயே அதன் நகல் பிடுங்கிக் கிழிக்கப்பட்டது. டிசம்பரில் ஒருவழியாகத் தாக்கல் ஆனது, அவை கலைந்ததும் அதுவும் செத்துப்போனது. அந்த இடஒதுக்கீடு சட்டமாவதற்கு 2023 வரை ஆனது.

சரி, கவிழ்ந்த கதை. அ.தி.மு.க. அரசுக்குள் இருந்தாலும் முதல் மாதத்திலிருந்தே உரசல்தான். தரைவழிப் போக்குவரத்து அமைச்சரான சேடப்பட்டி முத்தையா வழக்கு ஒன்றினால் 1998 ஏப்ரலிலேயே விலக நேர்ந்தது. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற கோரிக்கையை வாஜ்பாய் ஏற்கவில்லை. டிசம்பரில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் நீக்கப்பட்டார். அதை வைத்து, பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் போக வேண்டும் என்று ஜெயலலிதா கேட்டார். 1999 மார்ச் கடைசியில் சுப்பிரமணியன் சுவாமி டெல்லியில் கொடுத்த தேநீர் விருந்தில் சோனியாவும் ஜெயலலிதாவும் சந்தித்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அ.தி.மு.க. அமைச்சர்கள் விலகினார்கள், 14-ம் தேதி ஆதரவு வாபஸ். குடியரசுத் தலைவர் மறுபடியும் பலத்தை நிரூபிக்கச் சொன்னார்.

இங்கேதான் அவையின் அமைப்பு உருண்டு புரண்டது. 18 பேர் போனதும் தி.மு.க.வின் 6 பேர் அரசுப் பக்கம் வந்தார்கள். பா.ம.க.வும் ம.தி.மு.க.வும் அ.தி.மு.க. பின்னால் போகாமல் வாஜ்பாயோடேயே நின்றன. த.மா.கா.வின் 3 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தமிழ்நாட்டு அணிகள் இரண்டும் ஒரே வாரத்தில் கலைந்து வேறு மாதிரி சேர்ந்தன. வடக்கே, விலகியிருந்த சௌதாலா கடைசி நேரத்தில் திரும்பி வந்தார். சமதா, அகாலி, தெலுங்கு தேசம் அசையவில்லை. எண்ணிக்கை சமமாக நின்றது. இந்த ஓட்டுகளை எல்லாம் திரட்டும் பொறுப்பு நாடாளுமன்ற விவகார அமைச்சருக்கு. அப்போது மின்துறையோடு அதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ரங்கராஜன் குமாரமங்கலம்தான்.

ஏப்ரல் 17. பகுஜன் சமாஜின் 5 பேர் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று அரசு நம்பியிருந்தது. மாயாவதி அன்றைக்குக் காலையில் முடிவை மாற்றி எதிர்த்து ஓட்டுப் போட வைத்தார். காஷ்மீரின் தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரிக்க, அதன் பாரமுல்லா உறுப்பினர் சைபுதீன் சோஸ் கட்சியை மீறி எதிர்த்தார். காங்கிரசின் கிரிதர் கமாங் பிப்ரவரியிலேயே ஒரிசா முதலமைச்சர் ஆகிவிட்டார், ஆனால் கோராபுட் எம்.பி. பதவியை விடவில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆக ஆறு மாதம் அவகாசம் உண்டு என்பதால் சட்டப்படி அவர் இன்னும் எம்.பி. தான். ஓட்டுப் போடலாமா என்ற கேள்வியை சபாநாயகர் பாலயோகி அவருடைய மனசாட்சிக்கே விட்டார். கமாங் ஓட்டுப் போட்டார். அரசுக்கு 269, எதிர்ப்பு 270.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்று வரை வாதம் நடக்கிறது. கமாங் என்பார்கள், சோஸ் என்பார்கள். இரண்டு பேர் மேலும் இவ்வளவு பழியைப் போடுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த ஓட்டெடுப்பில் 270 பேரும் அந்த ஒரு ஓட்டுத்தான். அரசை உண்மையில் சாய்த்தது 18 பேர் கொண்ட ஒரு கட்சி. அப்படி ஒரே கட்சி விலகினால் விழுந்துவிடும் அளவுக்கு அவை முதல் நாளிலிருந்தே அமைந்திருந்தது. கமாங் புவனேஸ்வரிலேயே இருந்திருந்தால் 269-க்கு 269 என்று வந்து, சபாநாயகர் தன் ஓட்டால் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். தெலுங்கு தேசம் ஒரு வருடத்துக்கு முன் கேட்டு வாங்கிய நாற்காலியின் மதிப்பு இப்போது புரிகிறதா?

ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அரசுக்கு மாநிலங்களவையிலும் பெரும்பான்மை கிடையாது. 1999 பிப்ரவரியில் பீகாரில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்து, மக்களவையில் ஒப்புதலும் வாங்கிவிட்டு, மாநிலங்களவையில் நிறைவேறாது என்று தெரிந்ததும் மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். தி.மு.க. ஆட்சியைக் கலைக்கச் சொன்ன கோரிக்கை ஏன் நடக்கவே முடியாதது என்பதற்கும் இதுவே விடை.

கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. 272 பேர் ஆதரவு இருப்பதாக சோனியா சொன்னார். முலாயம் சிங்கின் 20 பேர் வர மறுத்துவிட்டார்கள். அந்த 270 பேரும் வேண்டாம் என்று சொல்வதில்தான் ஒன்று சேர்ந்தவர்கள், யார் வேண்டும் என்பதில் அல்ல. அவை கலைந்தது. வாஜ்பாய் காபந்துப் பிரதமராக இருந்தபோதுதான் கார்கில் போர் நடந்தது.

1999 தேர்தல் முடிவைப் பாருங்கள். பா.ஜ.க.வுக்கு மறுபடியும் அதே 182. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் 182 பதின்மூன்று மாதம் ஓடியது, இரண்டாவது 182 2004 வரை ஓடியது. சுற்றி இருந்தவர்கள்தான் வேறு. தெலுங்கு தேசம் 29 ஆனது, தி.மு.க. 12 பேரோடு உள்ளே வந்தது, கூட்டணி மொத்தம் 300-ஐ ஒட்டி நின்றது. அதனால் 18 பேர் கொண்ட ஒரு கட்சி தனியாக விலகினாலும் அரசு விழாது என்ற நிலை. பெரிய கட்சியின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. தேர்வில் "கூட்டணி ஆட்சிகள்" என்று கட்டுரைக் கேள்வி வந்தால் இந்த இரண்டு 182-ஐயும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

அந்த 1999 தேர்தலில் தமிழ்நாட்டின் 39-ல் வாஜ்பாய் அணிக்கு 26 கிடைத்தது, அ.தி.மு.க. 10-ஆகக் குறைந்தது. சேலமோ ஓட்டத்துக்கு எதிராகப் போனது. அ.தி.மு.க.வின் டி.எம்.செல்வகணபதி இங்கே ஜெயித்து எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். ரங்கராஜன் திருச்சியில் மறுபடியும் வென்று அமைச்சராக இருந்தபோதே 2000 ஆகஸ்டில் காலமானார். வாழப்பாடியார் 2002-ல் மறைந்தார்.